எடை அட்டவணைக்குத் தெரியாத பட்டினி

உண்ணல் கோளாறுகளுக்கான உலக விழிப்புணர்வு நாளான ஜூன் 2 நெருங்கும் வேளையில் வந்துள்ள வாசகர் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே ஐயத்தை எழுப்புகின்றன: எடை சரியாக இருப்பவருக்கும் இந்நோய் வருமா? வரும். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பெறும் உடல் நிறை குறியெண் 18.5-க்குக் குறையாதவரை கவலையில்லை என்னும் எண்ணம், அந்த எண் இருக்கும் இடத்தைக் காட்டுமேயன்றி இறங்கிவந்த வேகத்தைக் காட்டாது என்பதை மறந்துவிடுகிறது. 170 செ.மீ. உயரமுள்ள ஒருவர் உணவை ஒதுக்கிச் சில மாதங்களில் 80 கிலோவிலிருந்து 60 கிலோவுக்கு வந்தால், அட்டவணை அவரை நலமானவர் என்றே சொல்லும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 2013-ஆம் ஆண்டுக் கையேடு இத்தகையோரை அனரெக்ஸியாவின், அதாவது எடை கூடுமென்ற அச்சத்தால் உணவைத் தவிர்க்கும் நோயின், விதிவிலக்கு வகையாகத் தனியே வைத்தது. எனினும் இதயத் துடிப்பு மந்தமாவதும் மாதவிடாய் நின்றுபோவதும் இவ்வகையிலும் நேர்கின்றன.

அட்டவணை தவறவிடுவதை நடத்தை முன்னதாகவே காட்டிவிடுகிறது. அதன் காரணத்தை, மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் 1944–45-இல் நடத்திய பட்டினி ஆய்வு விளக்குகிறது. போரிட மனச்சான்றின்பேரில் மறுத்த, நல்ல உடல்நலமுள்ள 36 இளைஞர்கள் 24 வாரங்கள் அரைவயிற்று உணவில் வைக்கப்பட்டு, எடையில் ஏறத்தாழக் கால்பங்கை இழந்தபோது, அவர்களிற் பலர் சமையற்குறிப்புகளைச் சேகரித்தனர், சிறிதளவு உணவையும் நெடுநேரம் அளைந்து உண்டனர், எரிச்சலும் சோர்வும் மிகுந்து நண்பர்களை விட்டு விலகினர். பருமனாகிவிடுவோமென்ற அச்சம் அவர்களுக்கு இல்லாதிருந்தும் இவை தோன்றியதால், பிடிவாதம் என்று வீட்டார் கருதுவதில் ஒரு பகுதி பட்டினியே விளைவித்தது என்பது புலனாகிறது. நோயைத் தொடக்கிய காரணம் வேறாயிருந்தாலும், பட்டினி மனத்தை இறுக்க, இறுகிய மனம் மேலும் உணவை மறுக்க, நோய் தன்னைத்தானே வளர்த்துக்கொள்கிறது.

ஆகவே, பிறருக்கு ஆர்வத்துடன் சமைத்துத் தான் உண்ணாமலிருத்தல், விரதமென்றோ முன்பே சாப்பிட்டாயிற்றென்றோ பந்தியைத் தவிர்த்தல், எப்போதும் குளிர்தல், காய்ச்சலிலும் உடற்பயிற்சியை விடாதிருத்தல் ஆகியவை கவனத்திற்குரியவை. உண்டவுடன் கழிவறைக்குச் செல்வதும், விரல் முட்டிகளில் தழும்பும், கன்ன வீக்கமும், பெருமளவில் உண்டபின் வலிந்து வாந்தியெடுக்கும் புலிமியாவைச் சுட்டக்கூடும்.

ஆண்களுக்கும் வருமா? வரும்.

இரத்தப் பரிசோதனை இயல்பாக இருந்தால் நோயில்லையா? அப்படி முடிவுசெய்ய இயலாது.

நிறைய ஊட்டிவிட்டால் சரியாகுமா? நெடுநாள் பட்டினிக்குப்பின் திடீரென மிகுதியாக உண்பது இரத்தத்தின் பாஸ்பேட் அளவை ஆபத்தாகக் குறைக்கலாம் என்பதால், மருத்துவக் கண்காணிப்பு தேவை.

எங்கே கேட்பது? மனநல மருத்துவரிடம், அல்லது அரசின் டெலி-மானஸ் உதவி எண்ணான 14416-இல். மயக்கமோ நெஞ்சுப் படபடப்போ இருந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.