உங்களுக்குத் தெரியுமா? அளவு குறைவு, ருசி நிறைவு!

வெண்ணெய், சீஸ், சாக்லேட் எதையும் ஒதுக்காத பாரிஸ்காரர்கள், அமெரிக்கர்களைவிடக் குறைவாகச் சாப்பிடுகிறார்கள். ஆனால் அதிக நேரம் சாப்பிடுகிறார்கள்! உளவியலாளர் பால் ரோசின் குழு 2003-இல் வெளியிட்ட ஆய்வின்படி, உணவகங்களில் ஒருவருக்குப் பரிமாறும் சராசரி அளவு பிலடெல்பியாவில் 346 கிராம்; பாரிஸில் 277 கிராம்தான்.

• மெக்டொனால்ட்ஸிலும் அவசரம் இல்லை: அதே ஆய்வில், பிலடெல்பியா கிளைகளில் சாப்பிட்டு எழ சுமார் 14 நிமிடம் ஆனது. பாரிஸில் 22 நிமிடம்.

• கப்பே சிறிது: பிரான்சில் வழக்கமான தயிர்க் கப் 125 கிராம். உள்ளங்கையில் அடங்கிவிடும். ஆய்வு நடந்த காலத்தில் அமெரிக்கக் கப் 227 கிராம்.

• நாலு மணிக்கு 'கூத்தே': பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கான மாலைச் சிற்றுண்டி இது. பிளந்த பகெட் ரொட்டிக்குள் ஒரு துண்டு சாக்லேட் வைத்துக் கொடுப்பது பழைய வழக்கம். அதன்பின் இரவுச் சாப்பாடுதான். இடையில் கொறிப்பதைப் பெரியவர்கள் ஊக்குவிப்பதில்லை.

• சட்டமும் துணை: சர்க்கரை சேர்த்த குளிர்பானத்தை ஒரே விலைக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் நிரப்பிக்கொள்ளும் வசதிக்கு 2017 ஜனவரியில் பிரான்ஸ் தடை போட்டது.

பிடித்ததை விட வேண்டாம். கொஞ்சமாகப் போட்டுக்கொண்டு, உட்கார்ந்து, ருசித்துச் சாப்பிட்டாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று!