எம்.எல்.ஏ. இல்லாத தீவுல கணக்கு கேக்குறது யாரு?

தமிழ்நாட்டுல போட்ட ரோடு ரெண்டு மழையிலேயே பேந்துபோச்சுன்னா எம்.எல்.ஏ. கிட்ட போவோம். அவர் சட்டசபையில கேப்பாரு, கேக்காமயும் இருப்பாரு. ஆனா கேக்க ஒரு சபை இருக்கு. அந்தமான்ல அந்தச் சபையே கிடையாது.

துணைநிலை ஆளுநர், தலைமைச் செயலாளர், ஒரே ஒரு எம்.பி., அவ்வளவுதான். தீவுகளோட பட்ஜெட், உள்துறை அமைச்சகத்தோட மானியக் கோரிக்கையா நாடாளுமன்றத்துல பாஸ் ஆகுது. சி.ஏ.ஜி. தணிக்கை அறிக்கையும் அங்கதான் போகுது. டிக்ளிப்பூர் பக்கம் ஒரு கல்வெர்ட்டு இடிஞ்சா, 543 பேர் உக்கார்ற சபையில அதை யாரு பேசுவா?

அப்ப மிச்சம் இருக்குறது உள்ளாட்சிதான். 1994 பஞ்சாயத்து ஒழுங்குவிதிப்படி கிராமத்துக்குப் பிரதான், பஞ்சாயத்து சமிதிக்குப் பிரமுக், ஜில்லா பரிஷத்துக்கு அத்யக்ஷ். சுமார் 70 கிராமப் பஞ்சாயத்து இருக்கு. நிக்கோபார்ல கேம்பல் பே பக்கம் தவிர மத்த இடத்துல பழங்குடி கவுன்சில். அது தனிக் கதை. மாநிலப் பஞ்சாயத்துக்கு வர்ற மத்திய நிதிக்குழு மானியம் யூனியன் பிரதேசத்துக்குக் கிடையாது. நிர்வாகம் குடுக்குறதை நம்பித்தான் வண்டி ஓடணும்.

இப்ப தண்ணிக்கு வருவோம். வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 3,000 மில்லிமீட்டர் மழை கொட்டுற ஊரு. ஆனாலும் போர்ட் பிளேர்ல, அதாவது 2024-ல பேர் மாத்துன ஸ்ரீ விஜயபுரத்துல, கோடை வந்தா ரெண்டு மூணு நாளைக்கு ஒருக்காதான் குழாய்ல தண்ணி. தனிக்காரி அணையில இருந்து தண்ணியக் கொண்டுவர்றது ஏ.பி.டபிள்யூ.டி.ங்கிற அந்தமான் பொதுப்பணித் துறை. டவுனுக்குள்ள வீடு வீடா விடுறது நகராட்சி. கவுன்சிலரைக் கேட்டா, மேல இருந்தே வரலைம்பாரு. ஏ.பி.டபிள்யூ.டி.யில கேட்டா, நாங்க விட்டுட்டோம், டவுன் குழாய் எங்களுது இல்லைம்பாங்க. ரெண்டு பேர் சொல்றதும் நிஜமாவே இருக்கலாம். சிக்கலே அதான்.

என்னைக் கேட்டா, இதுக்குப் புதுசா ஒரு கமிட்டி வேண்டாம். ஒரே ஒரு தாள் போதும். அணையில இருந்து இன்னைக்கு எவ்வளவு விட்டாங்க, நகராட்சித் தொட்டிக்கு எவ்வளவு வந்துச்சு, எந்த வார்டுக்கு எப்பத் திறந்தாங்க, இது மூணும் பக்கத்துப் பக்கத்துல இருந்தா போதும். விட்டதுக்கும் வந்ததுக்கும் இடையில குறையுறது எங்க ஒழுகுதுன்னு தேடலாம். தண்ணிக்கு ஒரே தாள்ல கணக்கு வந்துரும்.

டவுன் தண்ணிக்கு அந்தத் தாள்னா, கிராமத்துக் கணக்குக்கு 2020 ஏப்ரல்ல வந்த இ-கிராம் ஸ்வராஜ் தளம் இருக்கு. அதே வருஷம் ஆகஸ்ட் 10-ஆம் தேதி சென்னையில இருந்து சுமார் 2,300 கிலோமீட்டர் கடலடி இன்டர்நெட் கேபிளும் வந்துச்சு. அதுக்கு முன்னாடி சாட்டிலைட்டை நம்பிக்கிட்டு ஒரு பக்கம் திறக்குறதே பெரும்பாடு. இப்ப உங்க பஞ்சாயத்தைத் தேர்ந்தெடுத்தா, என்ன வேலைக்குத் திட்டம் போட்டாங்க, எவ்வளவு செலவு காட்டியிருக்காங்கன்னு போன்லயே பாக்கலாம்.

ஆனா திரையில "முடிந்தது"ன்னு இருந்தா வேலை முடிஞ்சதுன்னு அர்த்தம் இல்ல. எம்.புக் பாக்கணும். இன்ஜினியர் நேர்ல போய் அளந்து எழுதுற அளவுப் புத்தகம் அது. அதை வச்சுத்தான் கான்ட்ராக்டருக்கு பில் பாஸ் ஆகுது. 2005 தகவல் உரிமைச் சட்டத்துல அதோட நகலைக் கேக்கலாம். வேலை நடந்த இடத்தை நேர்ல பாக்கவும், போட்ட சிமென்ட்டு, ஜல்லியில மாதிரி எடுக்கவும்கூட உரிமை இருக்கு. நகலை வாங்கி கிராம சபைக்குக் கொண்டுபோங்க, எழுதியிருக்குற நீளத்தை டேப் வச்சு எல்லார் முன்னாடியும் அளங்க. பதில் வரலைன்னா முதல் மேல்முறையீடு அதே அலுவலகத்துல மூத்த அதிகாரிகிட்ட. ரெண்டாவது, டெல்லியில இருக்குற மத்திய தகவல் ஆணையத்துக்கு.