மழை குறைந்த சம்பாப் பருவத்தில் நெற்பயிரைத் தாக்கும் பூச்சிகளும் அவற்றை அடக்கும் வகையும்

திருத்துறைப்பூண்டி தாலுகா காவேரிப் பாசனத்தின் கடைமடையில் உள்ளது என்பதை யாவரும் அறிவர். மேல்மடைக்குத் தண்ணீர் குறைந்தால் நமக்கு அது வருவதே இல்லை. 1934-ம் வருஷத்தில் கட்டி முடிந்த மேட்டூர் அணை ஜூன் 12-ந் தேதி திறக்கப்படுவது வழக்கமாயினும், 2016-ல் அது செப்டம்பர் 20-ந் தேதிதான் திறக்கப்பட்டது. அவ்வருஷம் வடகிழக்குப் பருவமழையும் மாகாணம் முழுவதற்கும் இயல்பைவிட 62 சதவிகிதம் குறைந்து போயிற்று. 2017 ஜனவரியில் எல்லா ஜில்லாக்களும் வறட்சியால் பாதிக்கப்பட்டவை என்று அரசாங்கத்தார் அறிவித்தனர். புழுதி விதைப்புச் செய்த நம்மவர்கள் பயிர் காய்வதைக் கண்ட துயரம் இன்னும் மறக்கற்பாலதன்று.

இத்தகைய வருஷங்களில் தண்ணீர்க் குறைவோடு பூச்சி உபத்திரவமும் சேர்ந்து கொள்கிறது. ஆனால் வறட்சியில் எல்லாப் பூச்சிகளும் பெருகுமென்று எண்ணுவது தவறு. தண்ணீர் தேங்கி, காற்றில் ஈரம் மிகுந்து, பயிர் அடர்ந்து நிற்கும் வயலையே புகையான் நாடும். வறண்ட காலத்தில் பெருகுவன இலைப்பேனும் மாவுப்பூச்சியுமாகும். வறட்சிக்குப் பின் திடீரென்று கனமழை பெய்தால் படைப்புழு தோன்றக்கூடும். ஆகவே எந்தப் பூச்சி எக்காலத்தில் வரும் என்று அறிந்து நடப்பவருக்கே செலவு குறையும்.

தாகமா, பூச்சியா?

வாடிய பயிரைக் கண்டவுடன் மருந்துக் கடைக்கு ஓடுவது பெரும் பிழை. சில வருஷங்களுக்கு முன் இவ்வாசிரியன் பார்வையிட்ட ஒரு வயலில், இலைகள் சுருண்டிருப்பதைப் பூச்சியின் வேலையென்று கருதி, சொந்தக்காரர் ஒரே வாரத்தில் இரண்டு தடவை மருந்து அடித்திருந்தார். அங்கே பூச்சி ஒன்றும் இல்லை. பயிருக்கு இருந்தது தாகமே. அந்தப் பணத்தை எஞ்சின் எண்ணெய்க்குச் செலவழித்து, பக்கத்துக் குட்டையிலிருந்து ஒரு தடவை தண்ணீர் இறைத்திருந்தால் பயிர் பிழைத்திருக்கும்.

இரண்டையும் பிரித்தறிவது கடினமன்று. வெயிலில் தாகத்தால் சுருண்ட இலை, வாட்டம் முற்றாத வரையில், இரவில் விரிந்து விடியற்காலையில் நேராக நிற்கும். இலைப்பேனால் சுருண்ட நுனி விடியற்காலையிலும் ஊசிபோல் மூடியே இருக்கும். பிறகு உள்ளங்கையைத் தண்ணீரில் நனைத்துப் பயிரின் மேல் தடவிப் பார்க்க வேண்டும். இலைப்பேன் இருந்தால் கறுத்தும் மஞ்சளாகவும் உள்ள நுண்ணிய பூச்சிகள் கையில் ஒட்டிக்கொள்ளும். இளங்குருத்து முழுதுமே வெளுத்து, கையில் ஒன்றும் ஒட்டாவிட்டால், அது புழுதி விதைப்பில் காணும் இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம்.

இலைப்பேன்

இது நாற்றங்காலையும், விதைத்த சில வாரங்களுக்குள் உள்ள இளம்பயிரையும் தாக்குகிறது. இலையைச் சுரண்டிச் சாற்றை உறிஞ்சுவதால் முதலில் வெள்ளிக் கோடுகள் தோன்றும். பின் இலை மஞ்சளித்து நுனியிலிருந்து காயும். நனைத்த கையால் பன்னிரண்டு தடவை தடவினால் அறுபது பூச்சிகளுக்கு மேல் ஒட்டுமாயின் நிவாரணம் செய்ய வேண்டும். அதற்குக் குறைந்தால் பொறுத்திருக்கலாம். ஒரு நல்ல மழையே அவற்றைக் கழுவி விடும். குளம் குட்டைகளில் தண்ணீர் உள்ளவர்கள் நாற்று மூழ்கும்படி விட்டுவிட்டு வடிக்கலாம். அவ்வசதி இல்லாதவர்கள் பின்னே சொல்லப்படும் வேப்பங்கொட்டைக் கரைசலைத் தெளிக்கலாம்.

மாவுப்பூச்சி அல்லது சூறை

நம் பெரியோர் 'சூறை' என்று வழங்கிய வியாதி இப்பூச்சியால் உண்டாவதே. நல்ல வயலின் நடுவே ஆங்காங்கு வட்டம் வட்டமாகப் பயிர் குட்டையாகி, கதிர் வெளிவராமல் நிற்கும். அத்தகைய தூரைப் பிடுங்கி இலையுறையைப் பிரித்தால், உள்ளே வெண்மையான மாவு படிந்து, செந்நிறமான மெல்லிய பூச்சிகள் கூட்டமாய் ஒட்டியிருக்கும். இவை உறைக்குள் மறைந்திருப்பதால் மேலே தெளிக்கும் மருந்து எளிதில் எட்டுவதில்லை. ஆகையால் ஆரம்பத்திலேயே கையால் ஒழிப்பதே மேல்.

பாதிக்கப்பட்ட தூர்களை வேரோடு பிடுங்கி, அவ்விடத்திலேயே கோணிப்பையில் போட்டுக் கட்டி, வயலுக்கு வெளியே கொண்டுபோய் எரித்துவிட வேண்டும். கையில் ஏந்தி வயலினூடே நடந்தால் குஞ்சுகள் வழியெங்கும் உதிர்ந்து பரவும். வரப்பிலுள்ள புற்களிலும் இப்பூச்சி தங்கி வாழ்வதால், விதைப்புக்கு முன்பே வரப்பைச் செதுக்கிச் சுத்தம் செய்வது இன்றியமையாதது.

படைப்புழு

நீண்ட வறட்சிக்குப் பின் மழை கொட்டினால் இளம்பயிரை ஜாக்கிரதையாகக் கவனிக்க வேண்டும். இப்புழுக்கள் பகலில் மண்கட்டிகளிலும் வெடிப்புகளிலும் ஒளிந்திருந்து, இரவில் கூட்டமாக வெளிப்பட்டு, மாடு மேய்ந்தாற்போல் பயிரைத் தின்றுவிடும்; பின் அடுத்த வயலுக்குப் போகும். தண்ணீர் கிடைத்தால் வயலில் நிறையக் கட்டி, வெளிப்பட்டு மிதக்கும் புழுக்களை வாத்துகளை விட்டு மேயவிடலாம். நம் பக்கத்தில் வாத்து மேய்ப்போர் உள்ளபடியால் இது செலவில்லாத முறை. புழு அடுத்த வயலுக்குப் பரவாமல், எல்லையில் குழி வெட்டித் தண்ணீர் நிறுத்துவதும் நன்மை தரும்.

குருத்துப்பூச்சியும் இலைச்சுருட்டுப் புழுவும்

இவை எல்லா வருஷங்களிலும் வருவன. தூர் கட்டும் பருவத்தில் நூற்றுக்குப் பத்துக் குருத்துகள் காய்ந்திருந்தாலோ, சதுர மீட்டருக்கு இரண்டு முட்டைக் குவியல்கள் காணப்பட்டாலோ குருத்துப்பூச்சிக்குப் பரிகாரம் தேடலாம். இலைச்சுருட்டுப் புழுவுக்கு அப்பருவத்தில் நூற்றுக்குப் பத்து இலைகள் என்பது அளவு. இவ்விரண்டின் முட்டைகளையும் அழிக்கும் டிரைக்கோகிரம்மா என்னும் நுண்ணிய குளவியின் அட்டைகளை வயலில் கட்டலாம். தழைச்சத்து உரத்தை ஒரே தடவையில் மிகுதியாக இடுவோர், தாமே இப்பூச்சிகளை விருந்துக்கு அழைப்பவராவர். வறட்சிப் பருவத்தில் ஈரம் கண்ட பிறகே யூரியாவைப் பகுத்து இட வேண்டும்.

வேப்பங்கொட்டைக் கரைசல்

மூன்று முதல் எட்டு மாதங்கள் வரை உலர வைத்திருந்த வேப்பங்கொட்டையின் பருப்பைப் பத்துக் கிலோ எடுத்து இடித்து, துணியில் மூட்டையாகக் கட்டி, இருபது லிட்டர் தண்ணீரில் இரவு முழுவதும் ஊற வைக்க வேண்டும். காலையில் பால் வரும்படி நன்றாகப் பிழிந்து வடிகட்டி, நானூறு கிராம் காதி சோப்பைக் கரைத்துச் சேர்த்து, இருநூறு லிட்டராக்கிக் கொள்ள வேண்டும். இது ஓர் ஏக்கருக்கு, அதாவது மூன்று மா நிலத்துக்குப் போதுமானது. வெயிலில் வீரியம் குறைவதால் மாலையிலேயே தெளிக்க வேண்டும். ஊறியதை நாள் கடத்தலாகாது.

முற்காலத்தில் எதற்கும் பி.எச்.சி. தூளைத் தூவி வந்தோம். அதன் நஞ்சு மண்ணில் நெடுநாள் தங்குவதால் இந்திய அரசாங்கத்தார் 1997-ல் அதைத் தடை செய்தனர். இன்றைய மருந்துகளிலும் சில, சிலந்தி, தட்டான், பொறிவண்டு முதலிய நம் நண்பர்களைக் கொன்று, புகையானைப் பெருகச் செய்வன. ஆகவே ரசாயன மருந்து கடைசி ஆயுதமாகவே இருக்கட்டும். வாடிச் சுருண்ட பயிரில் அதைத் தெளிப்பது இலையைக் கருக்கும், பலனும் தராது.

ஊர் கூடிச் செய்ய வேண்டியவை

ஒருவர் வரப்பைச் செதுக்கி, அடுத்தவர் விட்டுவிட்டால் பயனில்லை. ஒரு வாய்க்காலில் பாயும் வயல்காரர் யாவரும் கூடியவரை ஒரே வாரத்தில் விதைப்பை முடிப்பதும், வரப்பையும் வாய்க்கால் கரையையும் ஒருங்கே சுத்தம் செய்வதும் அவசியம். தாளடியில் விதைக்கும் உளுந்து அறுவடையானபின், கோடைமழை ஈரத்தில் உழுது கட்டைகளைப் புரட்டினால், அவற்றுள் தங்கிய குருத்துப்பூச்சிப் புழுக்கள் மடியும்.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2016-ல் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், வறட்சியோடு தடுக்க இயலாத பூச்சி நஷ்டமும் அடங்கும். அதில் சேர்வதற்கு அடங்கல் நகல் தேவை. வயலை நேரில் பார்த்துச் சாகுபடியை உள்ளபடி உரிய காலத்தில் பதிந்தால், நஷ்டம் நேரும் போது ஏழை விவசாயிக்கு அந்த ஒரு வரியே துணையாகும்.

மழையைத் தருவது நம் கையில் இல்லை. ஆயினும் வாரம் இருமுறை விடியற்காலையில் வயலைச் சுற்றி வந்து, கையை நனைத்துப் பார்ப்பது நம் கையில் உள்ளது. சந்தேகம் ஏற்படுமாயின், பாதித்த தூர் ஒன்றைப் பையிலிட்டு வட்டார விவசாயக் காரியாலயத்துக்குக் கொண்டுவந்து காட்டி, ஆலோசனை பெற்றுப் பின் செலவு செய்யும்படி மிராசுதார்களையும் மற்றச் சாகுபடியாளர்களையும் கேட்டுக்கொள்கிறோம்.