பழைய பிளாஷும் புதிய கமராவும்

1983ஆம் ஆண்டிற்குப் பின்னர் தாயகத்தை விட்டு ரொறன்ரோ வந்தடைந்த நம்மவர்களுட் பலர் பார்க்டேலின் அடுக்குமாடிகளிற் குடியமர்ந்தனர். அக்காலத்துப் பிறந்தநாள்களையும் திருமணங்களையும் கலைவிழாக்களையும் பதிந்து வைத்தவை பிலிம் கமராக்களும் அவற்றின்மேற் பொருத்திய பிளாஷ் விளக்குகளுமே. கமராக்கள் மாறிவிட்டன, பிளாஷ் விளக்குகளோ பல வீடுகளின் அலுமாரிகளில் இன்றும் உறங்குகின்றன. அவற்றை எடுத்து டிஜிற்றல் கமராவிற் பொருத்திப் பார்க்கும் ஆவல் மாணவர்களுக்கு எழுவது இயல்பே. ஆயினும், பொருத்துமுன் அறியவேண்டியது ஒன்றுண்டு.

பிளாஷ் இயங்கும் முறை

1930களில் அமெரிக்கப் பேராசிரியர் ஹரோல்ட் எட்ஜெர்ட்டன் வளர்த்தெடுத்த முறையே இன்றும் கையாளப்படுகின்றது. நான்கு சிறு பற்றரிகள் தருவது 6 வோல்ற்று மட்டுமே. பிளாஷினுள் இருக்கும் சுற்று அதனை ஏறத்தாழ 300 வோல்ற்றாக உயர்த்திக் கொள்ளளவியிற் சேமிக்கின்றது. நாம் படமெடுக்கும் கணத்தில் கமராவிலுள்ள ஆளி மூடுகின்றது. உடனே சில ஆயிரம் வோல்ற்றுத் துடிப்பொன்று உருவாகிக் குழாயிலுள்ள செனோன் வாயுவைக் கடத்தியாக்க, சேமித்த மின் முழுவதும் அதனூடாகப் பாய்ந்து ஒளியாகின்றது.

ஆபத்து எங்கே?

அந்த ஆளியிலேதான். பழைய கமராக்களில் அது ஒன்றையொன்று தொடும் இரு உலோகத் துண்டுகள். 200 வோல்ற்றையும் தாங்கிற்று. டிஜிற்றல் கமராக்களில் அது நுண்ணிய குறைகடத்தி. மிகை அழுத்தம் அதனை எரித்துவிடலாம். விவிற்றார் 283 என்னும் புகழ்பெற்ற பிளாஷை எடுத்துக்கொள்வோம். யப்பானிற் செய்யப்பட்ட முற்காலத்தவை பலவற்றின் தொடுமுனையில் 200 வோல்ற்றுக்கு மேலும், பிற்காலத்தவற்றில் 10 வோல்ற்றளவும் காணப்படுகின்றன. பெயரும் தோற்றமும் ஒன்றே, அழுத்தம் வேறு. ஆகவே கண்ணாற் பார்த்து முடிவு செய்தல் தகாது. இன்று ஒழுங்காக ஒளிர்ந்தது என்பதும் நாளைக்குச் சான்றாகாது.

அளக்கும் முறை

இதனைப் பெற்றோரே செய்தல் வேண்டும்.

1. புதிய பற்றரிகளை இட்டு, ஆயத்த விளக்கு எரியும்வரை காத்திருக்கவும்.
2. பல்மானியை நேரோட்ட அழுத்தத்தில், 500 வோல்ற்றுக்குக் குறையாத வீச்சில் வைக்கவும்.
3. பிளாஷின் அடியிலுள்ள நடு முனையில் ஒரு கோலையும், பக்கத்து உலோகத்தில் மற்றைய கோலையும் வைக்கவும். உலோகத்தை விரலால் தொடலாகாது.
4. காணும் எண்ணைக் கமராவின் கைந்நூலில் உள்ள எல்லையோடு ஒப்பிடவும்.

நிக்கோன் கைந்நூல்கள் 250 வோல்ற்றை எல்லையாகக் கூறுகின்றன. எதிர் அழுத்தமும் கூடாதென எச்சரிக்கின்றன. வேறு கமராக்களின் எல்லை இதனினும் மிகக் குறைவாக இருக்கலாம். கைந்நூலில் விடை இல்லையெனில் 6 வோல்ற்றுக்கு மேற்பட்டதைப் பொருத்தாதிருத்தல் நலம்.

அழுத்தம் மிகுந்தால்

பிளாஷை எறிய வேண்டியதில்லை. அழுத்தத்தைத் தணிக்கும் இடைத்துண்டுகள் விற்பனையில் உள்ளன. ஒளியுணர் ஆளி ஒன்றைப் பழைய பிளாஷிற் பொருத்தி மேடையின் ஓரத்தில் வைப்பது மற்றொரு வழி. கமராவின் சிறு பிளாஷ் ஒளிர்ந்ததும் அதுவும் ஒளிரும். இரண்டிற்குமிடையே கம்பித் தொடர்பே இல்லை. ஆனால் கமராவின் பிளாஷைக் கைமுறையில் வைத்தல் வேண்டும். தானியங்கு முறையில் அது முன்னதாக ஒருமுறை மின்னிப் பழைய பிளாஷை ஏமாற்றிவிடும்.

மாணவர்களுக்கு ஒரு கணக்கு

பழைய பிளாஷ் புதிய கமராவோடு பேசாது. ஒளியளவை நாமே கணிக்க வேண்டும். ஐ.எஸ்.ஓ 100இல் வழிகாட்டி எண் 36 மீற்றர் எனில், 4.5 மீற்றர் தொலைவில் நிற்கும் நடனமாணவிக்குத் துவாரம் 36 ÷ 4.5 = 8. தொலைவு இருமடங்கானால் எண் 4 ஆகும்.

இறுதியாக, மறக்கலாகாத எச்சரிக்கை ஒன்று. பற்றரியைக் கழற்றிய பின்னரும் கொள்ளளவியில் மின் தங்கியிருக்கும். அது உயிருக்கே ஊறு விளைவிக்கவல்லது. பிளாஷின் கூட்டை ஒருபோதும் திறவாதீர்கள். பயன்படுத்தாத காலத்திற் பற்றரிகளைக் கழற்றி வையுங்கள்.

தாயகத்திற் பல குடும்பங்கள் தம் படங்களை வீட்டோடு இழந்தன. இங்கு எடுத்த படங்களே அக்குடும்பங்களின் பிள்ளைகளுக்கு எஞ்சிய ஏடுகள். அவற்றிற்கு ஒளி தந்த கருவி இன்னும் பல ஆண்டுகள் ஒளி தரக்கூடியது. அளந்தறிந்து பயன்படுத்துவோமாக.