தலைமன்னாருக்கு ஒரு நெடுவழி

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4000 அடி உயரத்தில், தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே அமைந்த சிற்றூர் கொட்டகலை. அங்கிருந்து இலங்கையின் வடமேற்கு முனையாகிய தலைமன்னாருக்குச் சாலை வழியே செல்வது, குளிர்ந்த மலைமுகட்டில் தொடங்கி வறண்ட கடற்கரையில் முடியும் நெடும்பயணமாகும். பாட்டனும் பூட்டனும் வந்த வழியை ஒருமுறையேனும் கண்ணாற் காண வேண்டும் என்னும் அவா மலையக மக்கள் பலருக்கு உண்டு. அதற்கு என்னென்ன ஏற்பாடுகள் வேண்டும் என்பதையும், அவ்வழியின் பழைய வரலாறு அவ்வேற்பாடுகளுக்கு எதைக் கற்பிக்கிறது என்பதையும் நோக்குவது பயன் தரும்.

முதலில் வழியை அறிதல் வேண்டும். கொட்டகலையிலிருந்து ஹட்டன், கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை, பேராதனை வழியாகக் கண்டியை அடையலாம். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ-9 பெருவீதி மாத்தளை, நாலந்தா, தம்புள்ளை, மிகிந்தலை ஆகிய ஊர்களைத் தொட்டு மதவாச்சிக்குச் செல்கிறது. அங்கே வடமேற்காகப் பிரியும் ஏ-14 வீதி செட்டிகுளம், மடுச் சந்தி, முருங்கன் வழியே மன்னாரையும் தலைமன்னாரையும் சேர்கிறது. மாத்தளைக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஏறத்தாழ 250 கிலோமீட்டர். கொட்டகலையிலிருந்து கணக்கிட்டால் ஏறத்தாழ 350 கிலோமீட்டர்.

இவ்வழியிற் பெரும்பகுதி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் ‘வடக்குப் பாதை’ எனப் பெயர் பெற்ற வழியை ஒட்டியே செல்கிறது. 1820களில் கண்டிச் சீமையில் கோப்பித் தோட்டங்கள் தோன்றின. அவற்றில் வேலை செய்யத் தமிழகத்தின் தென் மாவட்டங்களிலிருந்து கங்காணிமார் ஆட்களைத் திரட்டினர். படகேறிக் கடலைக் கடந்து மன்னார்க் கரையில் இறங்கியவர்கள், அங்கிருந்து மலைநாடு வரை கால்நடையாகவே வந்தனர். தலையில் மூட்டை, இடுப்பிற் குழந்தை, கையிற் சோற்றுச் சட்டி, வழிநெடுகக் காடு.

அப்பயணத்திற்குக் காலம் குறித்தது கோப்பிச் செடியே. ஆண்டின் பிற்பகுதியிற் பழம் பறிக்க ஆள் வேண்டும். ஆகவே, குளங்கள் வற்றும் கோடை மாதங்களிலேயே மக்கள் வன்னிக் காட்டைக் கடக்க நேர்ந்தது. பறிப்பு முடிந்து ஊர் திரும்பும்போதோ வடகீழ்ப் பருவமழை வழியை மறித்து நின்றது. வறட்சியில் எஞ்சிய குட்டை நீரைப் பலரும் பருகியதால் வாந்திபேதி பரவிற்று. மழையை அடுத்துக் காட்டுக்காய்ச்சல் பெருகிற்று. வழியிலேயே மாண்டோர் ஆயிரக்கணக்கினர். மாண்டவர்களின் தொகையைப் பற்றி ஆராய்ச்சியாளர் மாறுபடுவர். இழப்பு மிகப் பெரிது என்பதில் மாறுபடுவார் இலர்.

இத்துன்பத்தை முழுவதும் இயற்கையின் மீது சுமத்துதல் பொருந்தாது. தோட்டத்திற்கு எத்தனை ஆட்கள், எந்த மாதத்தில் வேண்டும் என்பது துல்லியமாகக் கணக்கிடப்பட்டது. அவர்கள் எங்கே நீர் அருந்துவர், எங்கே உறங்குவர், நோயுற்றால் யார் பார்ப்பர் என்பவற்றுக்கு நெடுநாள் வரை தக்க கணக்கு இல்லை. வழிச்செலவோ தொழிலாளியின் பெயரிற் கடனாக எழுதப்பட்டது. தோட்டத்தில் முதல் நாட் கூலியைப் பெறுமுன்னரே அவர் கடனாளியாயிருந்தார். காலம் சென்ற பின்னரே வழியோரத்தில் கிணறுகளும் தங்கும் கொட்டகைகளும் மருத்துவ நிலையங்களும் ஏற்பட்டன. காய்ச்சலுக்கும் கொசுவுக்கும் உள்ள தொடர்பை ரொனால்ட் ராஸ் கண்டறிந்தது 1897 இல். வடக்குப் பாதை மூடப்பட்டதோ 1899 இல். வாந்திபேதி நீர் வழியே பரவுகிறது என்பதை இலண்டனில் ஜான் ஸ்நோ 1854 இலேயே காட்டியிருந்தார்.

இதற்கிடையே புகையிரதம் நடையைக் குறைத்து வந்தது. அது 1867 இல் கண்டிக்கும், 1880 இல் மாத்தளைக்கும், 1884 இல் ஹட்டனுக்கும் வந்து சேர்ந்தது. கோப்பி நோயால் அழிந்து தேயிலை அதன் இடத்தைப் பிடித்தபோது, ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்க ஆள் தேவைப்பட்டது. பருவத்திற்கு வந்து போனவர்கள் லயங்களில் நிலையாகத் தங்கினர். 1914 இல் தலைமன்னார் வரை இருப்புப் பாதை திறக்கப்பட்டதும் நடைவழியின் தேவை அடியோடு நீங்கிற்று. ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட மலையகக் குடும்பங்கள் அதே இருப்புப் பாதையில் எதிர்த்திசையிற் பயணம் செய்தன. அவர்களிற் பலருக்குத் தலைமன்னார்த் துறையே இலங்கை மண்ணிற் கடைசியாகக் கால் பதித்த இடம்.

இவ்வரலாற்றிலிருந்து இன்றைய பயணி பெறும் முதற் பாடம் பருவத்தைப் பற்றியது. பயணத்தின் இரு முனைகளும் இரு வேறு மழைகளுக்கு உட்பட்டவை. கினிகத்தேனை, வட்டவளைப் பகுதியில் ஆண்டு மழை 5000 மில்லிமீட்டரை எட்டும். அதிற் பெரும்பகுதி மே முதல் செப்டம்பர் வரை பெய்யும் தென்மேற்குப் பருவமழை. மன்னாருக்குக் கிடைப்பதோ ஏறத்தாழ 1000 மில்லிமீட்டரே. அதுவும் பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஆகவே மே மாதத்திற்குப் பின் புறப்பட்டால் மலையில் மழையும் வடக்கில் வறட்சியும் எதிர்ப்படும். ஆண்டிறுதியிற் புறப்பட்டால் வடக்கில் வெள்ளம் எதிர்ப்படும். இரு முனைகளும் ஓரளவு உலர்ந்திருக்கும் பிப்ரவரி, மார்ச் மாதங்களே ஏற்றவை. எக்காலமாயினும் புறப்படுமுன் வீதியின் நிலையை விசாரித்தறிதல் நன்று. 2025 நவம்பர் இறுதியில் வீசிய தித்வா புயலின்போது மலையகச் சாலைகள் பல மண்சரிவினால் துண்டிக்கப்பட்டன.

இரண்டாவது பாடம் தூரத்தைப் பகுத்தல். முதியோரையும் சிறுவரையும் அழைத்துக்கொண்டு வாகனத்திற் செல்வோர், முதல் இரவு தம்புள்ளையிலும் இரண்டாம் இரவு மன்னாரிலும் தங்கி, மூன்றாம் நாட் காலையிலே தலைமன்னாரைக் காணலாம். தம்புள்ளைக்கு அப்பால் காட்டு யானைகள் வீதியைக் கடக்கும் இடங்கள் உண்டு. ஆதலால் பொழுது சாயுமுன் தங்குமிடத்தை அடைவது முறை. நடந்து செல்ல விரும்புவோருக்கு 2023 ஆம் ஆண்டின் நடைபயணம் நல்ல முன்மாதிரி. மலையகத் தமிழர் வருகையின் 200 ஆண்டு நிறைவையொட்டி, அவ்வாண்டு ஜூலை 28 இல் தலைமன்னாரிற் புறப்பட்டவர்கள் ஆகஸ்ட் 12 இல் மாத்தளையை அடைந்தனர். பதினாறு நாட்களுக்குப் பகுத்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 16 கிலோமீட்டர் ஆகிறது. இடைவிடாத பழக்கமில்லாதவரும் தாங்கக்கூடிய அளவு அது.

மூன்றாவது பாடம் நீர். கொட்டகலையின் குளிரில் வாழ்ந்த உடல் மன்னாரின் வெயிலுக்கு உடனே இணங்குவதில்லை. தாகம் தோன்றுமுன்பே நீர் பருக வேண்டும். கொதித்தாறிய நீரை உடன் கொண்டு செல்லுதல் நலம். மலேரியா நோயற்ற நாடாக இலங்கையை உலக சுகாதார நிறுவனம் 2016 இல் அறிவித்துவிட்டது. எனினும் டெங்குக் காய்ச்சல் இன்னும் நீங்கவில்லை, கொசுவலையை மறத்தலாகாது. குளிருக்குரிய உடுப்போடு மெல்லிய பருத்தியாடையும் மூட்டையில் இடம்பெற வேண்டும்.

இவை யாவும் உடலுக்குரிய ஏற்பாடுகள். வேறொன்றும் உண்டு, அதைப் புறப்படுமுன்னர் தோட்டத்திலேயே செய்து முடித்தல் வேண்டும். முன்னோர் புறப்பட்ட ஊர் எது, அழைத்து வந்த கங்காணி யார், எந்தத் துறையில் இறங்கினர், முதலிற் சேர்ந்த தோட்டம் எது, உடன் புறப்பட்டு வந்து சேராதவர் எவர் என்பவற்றை வீட்டிலுள்ள மூத்தோரிடம் கேட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளலாம். காட்டில் வீழ்ந்தவர்களுக்குத் தனித்தனியே கல் நட்டவர் இல்லை. அவர்களைப் பற்றிய செய்தி பெரும்பாலும் வாய்மொழியாகவே வந்துள்ளது. அதனைச் சொல்லக்கூடிய முதியோரும் குறைந்து வருகின்றனர். மன்னார் செல்லும் வீதி எந்த ஆண்டிலும் அங்கேயே இருக்கும். கேட்டு எழுத வேண்டியதை மட்டும் தள்ளிப்போடலாகாது.