கடைக் கொப்பியில் ஏறும் கணக்கு

சொந்த ஊரில் நாம் கமம் செய்த காலத்தில் கடைக் கடனுக்குச் சாட்சி தேவைப்படவில்லை. கடைக்காரர் எமது தகப்பனையும் பாட்டனையும் அறிந்தவர். "அறுவடை முடியத் தருகிறேன்" என்ற வாய்ச்சொல்லே போதுமாயிருந்தது. கணக்கில் பிழை வந்தாலும் ஊர்ப் பெரியவர் ஒருவரை வைத்துப் பேசித் தீர்த்துக்கொண்டோம்.

1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995 இல் யாழ்ப்பாணத்திலிருந்தும், 2008, 2009 ஆம் ஆண்டுகளில் வன்னியிலிருந்தும் இடம்பெயர்ந்தபோது நாம் இழந்தவற்றுள் இந்த அறிமுகமும் ஒன்று. வந்த இடத்தில் கடைக்காரருக்கு எம்மைத் தெரியாது. எமக்கும் அவரைத் தெரியாது. விதைப்போ காத்திருக்காது. கடனுக்குத் தரும் கடையும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். ஆகவே, கேட்க வேண்டியதைக் கேட்காமலே பொருளை வாங்கி வருகின்றோம். கணக்கு எழுதும் கொப்பி கடைக்காரரிடம் மட்டும் இருக்கின்றது.

கூடிய காசு எங்கிருந்து வந்தது?

உதாரணமாக ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். 48,000 ரூபா என்று பேசி ஒரு நீரிறைக்கும் இயந்திரத்தை வாங்குகின்றார்கள். 10,000 ரூபா முற்பணம். மிகுதி 38,000 ரூபா அறுவடைக்குப் பின். நெல்லை விற்றுக் காசுடன் போனால், கடைக்காரர் 43,500 ரூபா கேட்கின்றார். ஏற்றுகூலி 1,500, எழுத்துக்கூலி 1,000, தாமதக் காசு 3,000 எல்லாம் கொப்பியில் ஏறியிருக்கின்றன. வாங்கிய அன்று இவற்றைப் பற்றி ஒரு சொல்லும் பேசப்படவில்லை.

இந்த 5,500 ரூபா சிறு தொகையல்ல. அடுத்த போகத்தின் விதைநெல்லுக்கும் பிள்ளைகளின் கொப்பி, புத்தகத்துக்கும் என்று ஒதுக்கி வைத்த காசு அது. கேட்டால் இனிக் கடன் தரமாட்டாரே என்ற பயத்தில் பலர் பேசாமல் கொடுத்துவிட்டு வருகின்றனர். வேறு சிலர் கோபத்தில் சண்டை பிடித்து, கொடுக்க வேண்டிய காசையும் கொடுக்காது விடுகின்றனர். இரண்டினாலும் நட்டம் எமக்கே.

முதலில் பிரித்துப் பார்ப்போம்

கூடுதலாகக் கேட்கப்படும் ஒவ்வொரு காசும் அநியாயமானது என்று நாம் சொல்லவில்லை. கடைக்காரர் பொருளை வீடுவரை கொண்டுவந்து இறக்கியிருந்தால், அதற்குரிய கூலியை முன்கூட்டியே சொல்லியிருந்தால், அது நியாயமானது. ஒவ்வொரு கட்டணத்துக்கும் மூன்று கேள்விகளைக் கேட்போம்: வாங்குமுன் சொன்னாரா? நாம் சம்மதித்தோமா? அந்த வேலை உண்மையில் நடந்ததா? மூன்றுக்கும் "ஆம்" என்றால் கொடுப்போம். இல்லையென்றால் விளக்கம் கேட்போம்.

சட்டம் என்ன சொல்கின்றது?

2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் எமக்கும் உரியது. கடைக்காரர் விலைகளைப் பார்வைக்கு வைக்க வேண்டும். பொதியில் குறித்த விலைக்கு மேல் விற்கக்கூடாது. வாங்குபவர் கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டும். பாவனையாளரை ஏமாற்றும் விதமாகவோ பிழையாக எண்ணவைக்கும் விதமாகவோ வியாபாரத்தில் நடந்துகொள்வதையும் இச்சட்டம் தடுக்கின்றது.

இங்கே கமக்காரர் கவனிக்க வேண்டிய முக்கிய விடயம் ஒன்றுண்டு. வாங்கிய பொருள் தரக்குறைவாகவோ உத்தரவாதத்துக்கு மாறாகவோ இருந்தால், விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். நெல்லோ விதைத்து வெட்ட மூன்று, நான்கு மாதங்கள் எடுக்கும். அறுவடைக்குப் பின் பார்க்கலாம் என்று இருந்தால் தவணை கடந்துவிடும். ஆகவே எந்த முறைப்பாட்டையும் பிந்தவிடாது செய்வதே பாதுகாப்பு. பற்றுச்சீட்டையும் வாங்கிய அன்றே கேட்டுப் பெற வேண்டும்.

கடைக்குப் போகும்போது

ஆட்கள் நிறைந்த நேரத்தில் போக வேண்டாம். நாலு பேர் முன்னால் கேட்டால் கடைக்காரர் தன் மானத்தைக் காக்கவே பேசுவார். ஓய்வான நேரத்தில், கமக்காரர் அமைப்பைச் சேர்ந்த ஒருவரையும் கூட்டிக்கொண்டு போவோம். "கள்ளக் கணக்கு" என்று தொடங்காமல், "இந்த மூன்று தொகையும் எதற்கென்று சொல்லுங்கள், ஐயா" என்று கேட்போம். சில வேளை கொப்பியில் தவறுதலாகவும் ஏறியிருக்கலாம்.

அவர் இணங்காவிட்டால், பிணக்கில்லாத 38,000 ரூபாவைக் கொடுத்து, அதற்குப் பற்றுச்சீட்டுப் பெறுவோம். மிகுதி 5,500 ரூபா பற்றி இணக்கம் இல்லை என்பதை அதிலேயே எழுதுவிப்போம். அப்போது கடன் கட்டாதவர் என்று எவரும் எம்மைச் சொல்ல முடியாது.

இணக்கம் வராவிட்டால்

திகதி, பொருள், பேசிய விலை, கேட்ட விலை, நாம் கேட்கும் பரிகாரம் ஆகிய ஐந்தையும் ஒரு தாளில் எழுதுவோம். பற்றுச்சீட்டின் பிரதியை இணைத்து, மூலப் பிரதியை வீட்டில் வைத்துக்கொள்வோம். பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்தில் இதைக் கொடுக்கலாம். 1977 என்ற தொலைபேசி இலக்கத்திலும் அறிவிக்கலாம்.

மற்றொரு வழி, 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த மத்தியஸ்த சபை. அங்கே சட்டத்தரணி தேவையில்லை. இரு பகுதியினரும் நேரில் இருந்து பேசலாம். நாளையும் அதே கடைக்குப் போக வேண்டிய எமக்கு இவ்வழி பெரிதும் பொருந்தும்.

அடுத்த போகத்துக்கு முன்

வருமுன் காப்பதற்கு ஒரு சிறு கொப்பி போதும். கடைக்காரரின் கொப்பியில் எழுதும் ஒவ்வொரு வரியையும் எமது கொப்பியிலும் எழுதி, அவரிடமே கையொப்பம் வாங்குவோம். "எல்லாம் சேர்த்து அறுவடையன்று எவ்வளவு தர வேண்டும்?" என்று கேட்டு, அந்தத் தொகையைக் கடைசி வரியில் எழுதுவிப்போம். வீட்டில் வாசிக்கத் தெரிந்த பிள்ளை இருந்தால் கூட்டிப்போவோம். நேர்மையான கடைக்காரர் இதற்குக் கோபிக்க மாட்டார். அவருடைய கணக்குக்கும் அதுவே காவல். கையொப்பமிட மறுப்பவரிடம் வாங்குமுன், இன்னொரு கடையிலோ பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்திலோ விசாரித்துப் பார்ப்போம்.