இரவுக் கிறீமும் கண்டி வெயிலும்

கொழும்பிலிருந்து கண்டிக்கு ஏறி வருபவர்கள், "அப்பாடா, இங்கே வெயிலே தெரியவில்லையே" என்பார்கள். தெரியாதுதான். தோலைச் சுட்டுக் கருக்கும் கழியூதாக் கதிரை, அதாவது புற ஊதாவை, உடம்பால் உணர முடியாது. கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 500 மீற்றர் ஏறினால் அது சற்றுக் கூடவே செய்கிறது. ஏப்ரல், செப்டம்பர் மாதங்களின் முற்பகுதியில் நண்பகல் சூரியன் கண்டிக்கு நேர் உச்சியில் நிற்கும். ஹந்தானை மலையை மூடும் மெல்லிய மேகமோ கதிரில் பெரும்பங்கைக் கீழே விட்டுவிடும்.

முதல் நாள் இரவு ட்ரெட்டினோயின் பூசிய முகமும் இந்த வெயிலில்தான் இறங்குகிறது. பருவுக்குத் தோல் வைத்தியர் எழுதித் தரும் இந்தக் கிறீம், ரெட்டினோயிட் எனப்படும் விற்றமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்தது. 1971 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பலர் நினைப்பதுபோல் இது தோலைச் சுரண்டுவதில்லை. கலத்தின் கருவுக்குள் புகுந்து, சில மரபணுக்களை முடுக்கி, சிலவற்றை அடக்குகிறது. அடியில் பிறந்து மேலே வந்து உதிரச் சாதாரணமாக ஒரு மாதம் எடுக்கும் கலங்கள் அவசரப்படுகின்றன. மேற்பரப்பில் இறந்த கலங்களால் ஆன கொம்புப் படை, காகிதத் தாளின் தடிப்பில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. அதுவும் மெலிந்து தளர்கிறது. முதல் சில வாரங்கள் தோல் உரியும், சிவக்கும், வெயில் பட்டால் எரியும். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் அந்த எரிச்சல் ஆறிய பிறகும் கரும்புள்ளி மாதக்கணக்கில் தங்கிவிடும். பருவைப் போக்கப் போய்ப் புள்ளியை வாங்கி வருவது இப்படித்தான்.

ஏன் இரவில் பூசச் சொல்கிறார்கள்? ஒளி பட்டால் இந்த மூலக்கூறே உருக்குலையும். அதன் நெருங்கிய உறவான ரெட்டினல் நம் கண்ணின் விழித்திரையில் இருக்கிறது. வளைந்திருக்கும் அது ஒளி பட்டு நிமிர்வதால்தான் இந்த வரியை வாசிக்கிறீர்கள். கண்ணில் பார்வையாகும் அதே குணம், கிறீமில் பலவீனம்!

இன்னொரு விந்தை. வெயில் பட்ட சில மணி நேரத்தில், தோலைத் தாங்கும் கொலாஜன் நார்களை வெட்டும் நொதியங்கள் சுரக்கத் தொடங்கும். 1990களில் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டது, ரெட்டினோயிட் அந்தச் சுரப்புக்கான உத்தரவையே மரபணு மட்டத்தில் தடுக்கிறது என்பதை. வெயிலுக்குத் தோலைக் கூச வைக்கும் மருந்தே வெயிலின் சேதத்துக்கும் மருந்து.

கர்ப்பிணிகள் இதைத் தவிர்க்க வேண்டும். மற்றவர்கள் சன்ஸ்கிறீனில் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது: முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம். பேராதனை பஸ்ஸில் கண்ணாடியை மூடிக்கொண்டு யன்னலோரம் உட்கார்ந்தாலும் பூசத்தான் வேண்டும். சாதாரணக் கண்ணாடி புற ஊதா பி கதிரை மறிக்கும். ஆழமாக இறங்கும் ஏ கதிரில் பெரும்பகுதி உள்ளே வந்துவிடும்.